வளவுக்குள் ஓராண்டு: திருகோணமலைச் சிறுதோட்டக்காரருக்கான பருவ வழிகாட்டி

கந்தளாய், தம்பலகாமம், மூதூர், குச்சவெளி, திரியாய் ஆகிய பக்கங்களில் கால் ஏக்கர் முதல் இரண்டு ஏக்கர் வரையான வளவில் வீடு, கிணறு, சில தென்னைகள், மரக்கறிப் பாத்தி, கோழிக்கூடு ஆகியவற்றோடு வாழ்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இத்தகைய வளவுக்குள் மயில், குரங்கு, கீரி, உடும்பு, பாம்பு, மரநாய், ஆந்தை எல்லாம் வந்து போகும். அவற்றில் எதை வரவேற்பது, எதைத் தடுப்பது என்ற கேள்வியை விலங்கை வைத்து முடிவு செய்வதால்தான் பலர் தவறான இடத்தில் பணத்தைச் செலவழிக்கிறார்கள் என்பது எனது கருத்து. திருகோணமலையில் எந்த உயிரின் நடமாட்டத்தையும் தீர்மானிப்பது தண்ணீர் ஆகும். ஆகவே தண்ணீரின் வரவையும் போக்கையும் ஒட்டி எமது வேலைகளின் நாட்களை மாற்றிக்கொண்டால், விரட்டும் வேலையில் பெரும்பகுதி தானாகவே குறைந்துவிடும்.

முதற்படி: வளவின் வரைபடமும் ஒரு கொப்பியும்

தொடங்குவதற்கு ஏற்ற காலம் ஆவணி, அதாவது ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை. அப்போது நிலம் காய்ந்து, புல் கருகி, மறைவிடங்கள் எல்லாம் வெளியே தெரியும். ஒரு தாளில் வளவின் எல்லையை வரைந்து, கிணறு, குசினித் தண்ணீர் வழிந்தோடும் இடம், வைக்கோற்போர், விறகுக் குவியல், கறையான் புற்று, பொந்துள்ள மரங்கள், வேலியில் விலங்குகள் நுழையும் துவாரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலியடியில் புல் அழுந்தி மண் மினுங்கும் ஒற்றையடித் தடம் தெரிந்தால் அது கீரியோ, முள்ளம்பன்றியோ, உடும்போ நாள்தோறும் பயன்படுத்தும் வழியாக இருக்கலாம். முள்ளம்பன்றியின் உதிர்ந்த முள், மரநாயின் எச்சத்தில் கிடக்கும் பழக்கொட்டைகள், மயிலின் கால்தடம் என்பன யார் வந்து போகிறார்கள் என்பதை விரைவில் சொல்லிவிடும்.

அதன் பின்னர் ஒரு கொப்பியில் திகதி, மழை, பூத்தது, காய்த்தது, வந்தது, போனது ஆகியவற்றை எழுதிவர வேண்டும். மழையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பக்கங்கள் நேராக உள்ள வெறும் பால்மாப் பேணியொன்றை மரநிழலும் கூரையும் மறைக்காத இடத்தில் நிமிர்த்தி வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். அரை ஏக்கர் வளவில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 50,000 லீற்றர் தண்ணீர் விழுந்திருக்கிறது. அதில் எவ்வளவு தங்கியது, எவ்வளவு வீதிக்கு ஓடியது என்பதை வரைபடத்தில் குறித்துவைத்தால், தவளைகள் எங்கே கத்தும், நத்தைகள் எங்கே சேரும் என்பதும் அதிலேயே அடங்கிவிடும்.

எமது மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,500 முதல் 1,600 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, முதலில் இடியுடன் கூடிய மாலை மழையாகவும் பின்னர் வடகீழ்ப் பருவ மழையாகவும் பெய்துவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று, அதாவது நாங்கள் கச்சான் என்று சொல்லும் வறண்ட காற்று, மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வருகிறது.

இரண்டாம்படி: மழைக்கு முந்திய ஆயத்தம்

புரட்டாதியில் செய்ய வேண்டிய வேலைகளுள் முதன்மையானது, குப்பையைக் கொளுத்தாமல் இருப்பது. காய்ந்த சருகுகளுக்குள் நட்சத்திர ஆமை, தேரை, அரணை, சிறு பாம்புகள் ஒதுங்கியிருக்கும். நெருப்பிலிருந்து ஓடித் தப்பும் வேகம் ஆமைக்கு இல்லை. சருகை வாழையடியிலும் தென்னையடியிலும் மூடாக்காகப் போட்டால் மழை தொடங்கியதும் மண்புழு மேலே வரும், புழுவைத் தேடி ஆறுமணிக்குருவி வரும். எரித்தே ஆகவேண்டிய நோயுற்ற செடிகள் இருந்தால், அவற்றை எரிக்கும் அன்றே வெட்டிக் குவித்து உடனே எரிக்க வேண்டும். பல நாட்கள் குவிந்து கிடக்கும் குப்பைக்குள் ஏதாவதோர் உயிர் குடியேறிவிடும்.

விறகை நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்க வேண்டும். கோழித்தீனையும் நெல்லையும் மூடியுள்ள பீப்பாவில் வைக்க வேண்டும். கோழிக்கூட்டின் அடிப்பகுதிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். கோழிவலை எனக் கடையில் விற்கப்படும் பெரிய கண் வலைக்குள் எலியும் பாம்பும் இலகுவாக நுழையும். இவை சிறு வேலைகளாகத் தோன்றினாலும் மாரியில் வீட்டுக்குள் பாம்பு வருவதையும் வராமல் இருப்பதையும் பெரும்பாலும் இவைதான் தீர்மானிக்கின்றன. பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி சிந்திய தானியத்தைத் தேடி வருகிறது.

கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை ஆகிய உயிர்வேலிகளைக் கவாத்துச் செய்வதும் இக்காலத்தில்தான். ஆனால் முழு வேலியையும் ஒரே முறையில் மொட்டையடிக்க வேண்டாம். இவ்வாண்டு வீதிப்பக்கம், அடுத்த ஆண்டு பின்பக்கம் என்று மாற்றி வெட்டினால் எப்போதும் ஒரு பக்கம் அடர்ந்திருக்கும். அந்த அடர்த்திக்குள் வாழும் செண்பகப் பறவையின் பயன் அடுத்த பகுதியில் தெரியவரும்.

மூன்றாம்படி: முதல் மழையின் பத்து நாட்கள்

ஆண்டு முழுவதிலும் கொப்பியை விடாமல் எழுத வேண்டிய நாட்கள் இவையே. ஐப்பசியின் முதல் பெருமழை பெய்த மாலையில் புற்றுக்களிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்குகளை அணைத்துவிட்டு முற்றத்தில் நின்றால் தேரை, பல்லி, வௌவால், கரிக்குருவி, கீரி என வளவில் உள்ள பூச்சியுண்ணிகள் அனைத்தும் ஒரே விருந்துக்கு வந்திருப்பதைக் காணலாம். மறுநாட் காலையில் மணற்பாங்கான இடங்களில் சிவப்புப் பட்டு ஒட்டியது போன்ற தம்பலப்பூச்சிகள் ஊரும். அவற்றைப் போத்தலில் அடைத்து வைக்கும் பழக்கம் சிறுவர்களிடம் இன்னும் உண்டு. பார்த்துவிட்டு விட்டுவிடச் சொல்வது நல்லது. பெரிய தவளைகள் மஞ்சள் நிறத்துக்கு மாறிக் கத்துவதும் இந்நாட்களில்தான். தேங்கிய நீரில் முட்டைக் கோவைகள் தெரிந்தால் அந்தக் குட்டையை உடனே வெட்டி வடியவிடாமல், வீட்டிலிருந்து தள்ளியிருக்குமானால் சில வாரங்கள் விட்டுவைக்கலாம். வாற்பேத்தைகள் வளரும் குட்டை வேறு, சிரட்டையிலும் ரயரிலும் தேங்கும் நீர் வேறு. பின்னதை ஈவிரக்கமின்றிக் கவிழ்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை எமது மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

இதே பத்து நாட்களுக்குள் ஆபிரிக்க நத்தைகளும் விழித்துக்கொள்ளும். வறட்சியில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் கிடந்தவை, ஈரம் பட்டதும் வெளிவந்து பப்பாசி, வாழை, கத்தரிக் கன்றுகளை இரவோடிரவாகத் தின்னத் தொடங்கும். ஒரு நத்தை ஒரே தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை மண்ணில் இடக்கூடியது என்பதால், முதல் வாரத்தில் பிடிக்கும் நத்தையே பெறுமதியானது. மாலையில் நனைத்த சாக்குகளைப் பாத்தியோரமாக விரித்து, அவற்றின் கீழே பப்பாசி இலையைப் போட்டுவைத்தால் விடியற்காலையில் சாக்கின் அடியில் ஒட்டியிருக்கும். கையுறை அல்லது பொலித்தீன் பை அணிந்து பொறுக்கி, செறிந்த உப்புக் கரைசலில் இட்டு, பின்னர் ஆழமாகப் புதைக்க வேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாது, மனிதரின் மூளையைத் தாக்கும் புழுவின் குடம்பிகள் நத்தையில் இருக்கக்கூடும். பாத்தி மண்ணில் நேரடியாக உப்பைத் தூவினால் நத்தை சாகும், கத்தரியும் சாகும்.

நாம் பொறுக்கத் தவறியதைப் பொறுக்குவது செண்பகம். செந்நிறச் சிறகும் கரிய உடலும் கொண்ட அந்தப் பறவை வேலியடியில் நடந்து நடந்து நத்தைகளைத் தின்னும். வேலியை வெட்டி மதில் கட்டியவர்களின் வளவில் நத்தை கூடுவதற்கு ஈரம் மட்டும் காரணமல்ல.

செப்டெம்பர் இறுதி முதல் வலசைப் பறவைகளும் வந்து சேரும். தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக இருக்கும்; நீலவால் பஞ்சுருட்டான்கள் வயல்வெளியில் வட்டமிடும். இமயமலை அடிவாரம் வரையான இந்தியப் பகுதிகளிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழுவது ஒக்டோபரில் அடிக்கடி நடக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் தண்ணீரை வாயில் ஊற்றாமல், காற்றுத் துளையிட்ட காட்போட் பெட்டிக்குள் இருட்டில் வைத்து, பூனை நெருங்காத இடத்தில் ஓரிரு மணித்தியாலங்கள் விட்டு, பின்னர் மரநிழலில் திறந்துவிட வேண்டும். பெரும்பாலானவை தாமாகவே தெளிந்து பறந்துவிடும்.

நான்காம்படி: மாரியும் பாம்புகளும்

கார்த்திகை, மார்கழியில் நிலம் நிரம்பும்போது பாம்பு மேட்டைத் தேடும், மேடு என்பது பெரும்பாலும் எமது வீடு. வளவில் காணும் பாம்புகளில் சாரைப்பாம்பே அதிகம். அது நஞ்சற்றது, எலி பிடிப்பதில் அதற்கு நிகரானது வேறில்லை. அடித்துக் கொல்வது நட்டம். அஞ்ச வேண்டியவை நாகபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், கரையோர வறள்மண்ணில் வாழும் சுருட்டைவிரியன் ஆகியன. கண்ணாடி விரியன் வயல் வரம்பிலும் வைக்கோலிலும் இருக்கும். அரிவிவெட்டுக் காலத்தில் காலில் கடிக்கும். கட்டுவிரியனின் வழி வேறு. அது இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலியோ, கண்ணிமை கீழிறங்குவதோதான் முதல் அறிகுறியாக இருக்கும். எனவே மாரியில் கட்டிலில் படுப்பதும், நுளம்புவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுவதும், இரவில் மலசலகூடத்துக்குப் போகும்போது ரோச் லைற் எடுத்துச் செல்வதும் வீட்டாரின் பழக்கமாக வேண்டும்.

கடிபட்டால், கடிபட்டவரை அமைதியாகப் படுக்கவைத்து, மோதிரம், காப்பு, கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட கை அல்லது காலை மட்டையால் அணைத்து அசையாமல் வைத்து, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தம் எடுப்பதும், அஸ்பிரின் கொடுப்பதும் தீங்கானவை. பாம்பைத் துரத்திப் பிடித்து எடுத்துச் செல்லவும் வேண்டாம். எட்ட நின்று எடுத்த படம் ஒன்று இருந்தால் வைத்தியருக்கு உதவும், இல்லாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. வலியில்லை என்பதற்காகக் காத்திருப்பதே உயிரைப் பறிக்கிறது.

சூறாவளியும் இக்காலத்துக்கு உரியதே. 1964 டிசம்பரில் வந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது. காற்றுக்குப் பிறகு விழுந்த மரங்களை அறுக்குமுன் பொந்துகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். கிளிக்குஞ்சும் இருக்கலாம், குளவிக்கூடும் இருக்கலாம்.

இதே மாதங்களில் வேலிகளில் ஏறிப் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கு கடும் நஞ்சு. வள்ளிக்கிழங்கு கிண்டும் சிறுவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும், ஆட்டையும் அந்தப் பக்கம் கட்டக்கூடாது.

ஐந்தாம்படி: அறுவடையும் யானையும் எலியும்

பெரும்போக நெல் மாசி, பங்குனியில் அறுக்கப்படுகிறது. இந்தப் பருவத்தில் யானை வயலுக்கும், வயலிலிருந்து நெல் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்கும் வரும். கந்தளாய், சேருவில, வெருகல் பக்கத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. படுக்கையறையில் நெல் மூட்டை அடுக்குவதை நிறுத்துவதே முதலாவது பாதுகாப்பு. முடிந்தால் அறுவடையின் பெரும்பகுதியை உடனே விற்றுவிட்டு, விதைநெல்லையும் உணவுக்கானதையும் ஊரின் நடுப்பகுதியில் சேர்ந்து சேமிக்கலாம். வாழையும் கரும்பும் வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கக்கூடாது. வீட்டு மின்னிணைப்பிலிருந்து நேரடியாகக் கம்பி இழுப்பது சட்டவிரோதமானது, யானையைக் கொல்வதற்கு முன் அயலவரைக் கொல்லக்கூடியது. துடிப்பாக மின்னோட்டம் அனுப்பும் முறையான மின்வேலியை ஊராகச் சேர்ந்து அமைத்து, அடியில் வளரும் புல்லை முறைவைத்து வெட்டினால் மட்டுமே அது வேலை செய்யும். புல் தொட்ட வேலி வெறும் கம்பி. பன்றிக்கு வைக்கும் வெடியைப் பற்றி ஒன்றுதான் சொல்லலாம்: யானைக்குட்டியும் மாடும் அதைக் கடித்து, வாய் சிதைந்து, பட்டினியால் சாகின்றன, வைப்பதும் குற்றம்.

எலிக்கு நஞ்சு வைப்பதற்கு முன் கூகைக்கு இடம் கொடுத்துப் பார்க்கலாம். வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் தென்னை மட்டைகளை நிமிர்த்தி நட்டுவிட்டால் இரவில் கூகையும் ஆந்தையும், பகலில் கரிக்குருவியும் அதில் வந்திருந்து எலியையும் புழுவையும் பிடிக்கும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகை செத்துப்போகும் என்பதால் இரண்டு வழிகளையும் ஒன்றாகக் கைக்கொள்ள முடியாது. சோளம் செய்பவர்கள், 2018இல் இலங்கைக்குள் நுழைந்த படைப்புழுவைக் குருத்துக்குள் தேட வேண்டிய காலமும் இப்பருவத்தில் சேரும். காலையில் குருத்தைப் பிரித்துப் பார்த்து நசுக்குவது சிறு நிலத்துக்குப் போதுமானது.

ஆறாம்படி: பூக்கும் மாதங்கள்

பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும், இலுப்பை பூக்கும், குயில் கூவும். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடும். காகம் கூடு கட்டும் மரத்தைக் குறித்து வைத்தால் ஓரிரு மாதங்களில் காகம் குயிற்குஞ்சுக்குத் தீனி ஊட்டுவதைப் பார்க்கலாம். இலுப்பைப் பூவுக்கு வரும் வௌவால் மகரந்தத்தைப் பரப்பி, பழம் தின்று விதையையும் கொண்டுபோகும். மாம்பழத்துக்கு மட்டும் சேதமென்றால் முற்றிய காய்களை முன்கூட்டியே பறித்து வைக்கோலில் பழுக்க வைப்பது வலை போடுவதைவிட நல்லது. தளர்வாகத் தொங்கும் நைலோன் வலையில் வௌவாலும் ஆந்தையும் சாரையும் சிக்கிச் சாகும்.

பூசணியும் பாகலும் வைத்திருப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்கு முன் கூம்பிவிடும். தேனீ வரும் அந்தக் காலை வேளையில் மருந்தடித்தால் பிஞ்சு பிடிக்காது, பிறகு விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. அடித்தே ஆகவேண்டுமானால் மாலை மங்கிய பிறகு. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போலத் தோன்றும் புழு வண்ணத்துப்பூச்சியாகும். பெரிய மரத்தில் விட்டுவிடலாம், நாற்றில் இருந்தால் எடுத்து மரத்தில் விடலாம்.

ஏழாம்படி: கச்சான் காற்றின் காலம்

வைகாசி முதல் ஆவணி வரை வளவின் உயிர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி தண்ணீர். அகன்ற, ஆழமற்ற மண்சட்டியில் கல்லொன்றை வைத்து நீர் ஊற்ற வேண்டும். கல் இல்லாவிட்டால் தேனீயும் குஞ்சும் மூழ்கும். சட்டி ஒன்று நிலத்திலும் ஒன்று பூனை எட்டாத உயரத்திலும் இருக்கட்டும். நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், மூன்று நாட்களுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி மீண்டும் நிரப்பினால் டெங்குக்கு இடமில்லை. சட்டியை மரக்கறிப் பாத்தியிலிருந்து தள்ளி வைப்பது முக்கியம். தாகத்துக்குத்தான் புலுனியும் கொண்டைக்குருவியும் தக்காளியைக் கொத்துகின்றன, தண்ணீர் கிடைத்தால் கொத்துவது குறையும்.

கட்டில்லாத தோட்டக் கிணறுகளும் துரவுகளும் இக்காலத்தில் பொறிகளாகிவிடும். உள்ளே இறங்கிய உடும்பும் ஆமையும் கீரியும் ஏற முடியாமல் சாவதைத் தடுக்க, கரடுமுரடான பனைமரத் துண்டொன்றைச் சாய்த்து வைக்கலாம். சுற்றிவர அலம்பல் வேலி அடைத்தால் மாட்டுக்கும் மனிதருக்கும் நல்லது. குளம் தூர்வாரும்போது சேற்றுக்குள் பால் ஆமைகள் புதைந்து கிடக்கும். மண்வெட்டியை ஆழ இறக்குமுன் கம்பால் கிளறிப் பார்த்து, கிடைத்தவற்றை ஈரம் மிஞ்சியிருக்கும் மூலைக்கு மாற்ற வேண்டும்.

பாலையும் வீரையும் பழுக்கும் நாட்களில் குரங்குகளும் பறவைகளும் காட்டோரம் நிற்கும். அந்தப் பழம் முடிந்ததும் வளவுக்கு வரும். கொப்பியில் இரண்டு ஆண்டுகள் இந்த இடைவெளியைக் குறித்திருந்தால், குரங்கு வரும் வாரத்துக்கு முன்னரே மாங்காயை இறக்கிவிடலாம்.

குரங்கும் மயிலும்

இவ்விரண்டையும் பற்றிய புகாரே எமது மாவட்டத்தில் அதிகம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் விவசாயிகள் தத்தமது காணியில் நிற்கும் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணிக் கொடுத்தனர். ஐந்து நிமிடக் கணக்கு ஒரு காலைப்பொழுதைக் காட்டும். எந்த மாதம், எந்தப் பயிர், எத்தனை மணிக்கு என்பதை உங்கள் கொப்பிதான் காட்டும். நட்டுவைத்த விதையை மயில் கிளறுவது முளைத்து இரண்டிலை விடும்வரைதான் என்று தெரிந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் கிடுகையோ பழைய வலையையோ இழுத்துக் கட்டி மூடினால் போதும். குரங்கு அடிக்கடி வரும் ஓரத்தில் அது பெரிதும் நாடாத மஞ்சள், இஞ்சி ஆகியவற்றை வைத்து, சோளத்தையும் கச்சான் கடலையையும் வீட்டுக்கு அருகே கொண்டுவரலாம். திருகோணமலைக் கோட்டை வாசலில் மானுக்கும் குரங்குக்கும் பாண் கொடுத்துப் பழக்கும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தை வளவுக்குள் கொண்டுவந்தால் குசினி யன்னலுக்குக் கம்பி அடிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பிடித்து வேறிடத்தில் விடுவது அடுத்த ஊராரின் வேலியை உடைக்க அனுப்புவதற்குச் சமம்.

காட்டுயிர்களைப் பிடிக்கவோ, கூட்டில் வளர்க்கவோ, கொல்லவோ முற்படுமுன் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். காயம்பட்ட விலங்கு, கிணற்றில் விழுந்த யானைக்குட்டி, வீட்டுக்குள் புகுந்து வெளியேறாத நாகபாம்பு ஆகியவற்றுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அண்மைய அலுவலகத்தையோ கிராம உத்தியோகத்தரையோ அணுகலாம்; அவர்களின் இலக்கங்களைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். நிலத்தில் தனியாக இருக்கும் பறவைக்குஞ்சை மட்டும் உடனே தூக்க வேண்டாம். இறகு முளைத்த குஞ்சாக இருந்தால் பறக்கப் பழகுகிறது, தாய் அருகில்தான் நிற்கும். பூனையையும் நாயையும் கட்டிவிட்டு எட்ட நின்றால் போதும். இறகு முளைக்காததாக இருந்தால் மேலே கூட்டைத் தேடி அதிலேயே திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.